குடியால் கெட்ட கல்லீரல்: டெக்னீசியம் ஸ்கேனை வைத்து ஆயுளைக் கணிப்பது எப்படி? (முழுமையான வழிகாட்டி)

குடியால் கல்லீரல் கெட்டுப்போன ஒருவரின் ஃபைலைத் திறந்தால் அல்ட்ராசவுண்ட், ஃபைப்ரோஸ்கேன், சிலருக்கு பயாப்ஸி என்று வரிசையாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கல்லீரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது, மேற்பரப்பு எப்படி முண்டும் முடிச்சுமாகிவிட்டது என்பதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஆள் தாக்குப்பிடிப்பாரா என்பது மிச்சமிருக்கும் உயிருள்ள திசுவைப் பொறுத்தது, அதிலும் ரத்தம் ஒழுங்காகப் போய்ச் சேரும் திசுவைப் பொறுத்தது. அதை நேரடியாக அளக்கும் பரிசோதனைகள் மிகக் குறைவு. கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் நியூக்ளியர் மெடிசின் துறையில் பல பத்தாண்டுகளாக இருக்கும், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் கல்லீரல்-மண்ணீரல் ஸ்கேன் அவற்றில் ஒன்று. அதை வைத்து ஆயுளைப் பற்றி என்ன சொல்ல முடியும், எந்த இடத்தில் அது நம்மை ஏமாற்றும் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

நோயாளியின் குடும்பத்தாரையும், நியூக்ளியர் மெடிசின் பக்கம் அதிகம் போகாத இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ள எல்லோருக்கும் கட்டாயம் எடுக்க வேண்டிய ஸ்கேன் இல்லை இது. ஆயுளைக் கணிக்க உலகம் முழுக்க முதலில் பயன்படுத்துவது ரத்தப் பரிசோதனையிலிருந்து வரும் ஸ்கோர்களைத்தான். அந்த ஸ்கோர்கள் பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில்தான் ஸ்கேனுக்கு வேலை.

முதல் படி: எந்தக் கட்டம், கடைசியாகக் குடித்தது எப்போது?

குடியால் வரும் கல்லீரல் நோய் மூன்று முகம் காட்டும்: கொழுப்பு படிவது, அழற்சி (ஆல்கஹாலிக் ஹெபடைடிஸ்), தழும்பேறிச் சுருங்குவது (சிரோசிஸ்). ஒன்று முடிந்து அடுத்தது என்று இவை வரிசை கட்டி வருவதில்லை. சிரோசிஸ் ஏற்கெனவே இருக்கும் ஆளுக்கு, இரண்டு மாதம் கடுமையாகக் குடித்ததில் அதன் மேலேயே ஹெபடைடிஸும் வந்து சேர்வது மிகச் சாதாரணம்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் ஆயுளைப் பற்றிப் பேசவே முடியாது, ஏனென்றால் கால அளவே வேறு. கடுமையான ஆல்கஹாலிக் ஹெபடைடிஸில் கேள்வி அடுத்த சில வாரங்களைப் பற்றியது. வயிற்றில் நீர், ரத்த வாந்தி, காமாலை, மூளைக் குழப்பம் எதுவுமே இதுவரை வராத சிரோசிஸ் நோயாளிகளில் சராசரி ஆயுள் 12 ஆண்டுகளுக்கு மேல் என்று நீண்டகாலத் தொடர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவற்றில் ஒன்று வந்துவிட்டால் அந்தச் சராசரி ஏறக்குறைய 2 ஆண்டுகளாகச் சரிகிறது. எல்லாவிதச் சிரோசிஸையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. குடியை விட்டவருக்கும் விடாதவருக்கும் இடையே இன்னும் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அதனால் கடைசியாகக் குடித்த தேதியை எழுதி வையுங்கள். ஸ்கேன் ரெஃபரல் சீட்டில் அது இல்லையென்றால் ரிப்போர்ட் எழுதுபவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார் என்றுதான் நான் சொல்வேன். குடும்பத்தாருக்கு இங்கேயே ஓர் எச்சரிக்கை: தினமும் நிறையக் குடிப்பவரை மருத்துவ உதவி இல்லாமல் வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் தையமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேறு மருந்துகளும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும்.

இரண்டாம் படி: ஸ்கேனுக்கு முன் ஸ்கோர்களைப் போட்டுவிடுங்கள்

இதற்கு சாதாரண ரத்தப் பரிசோதனைகளே போதும். மெல்ட் ஸ்கோர் எவ்வளவு அதிகமோ ஆபத்து அவ்வளவு அதிகம். அதற்குப் பிலிருபின் (காமாலை நிறமி), கிரியேட்டினின் (கிட்னி அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்) மூன்றும் வேண்டும், பின்னால் வந்த வடிவங்களில் சோடியமும் சேர்ந்தது, மெல்ட் 3.0-இல் ஆல்புமினும் (கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதம்) நோயாளி ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தன. அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றி 2003-இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் மெல்ட் 10-19 உள்ளவர்களில் 6 சதவீதம், 20-29-இல் சுமார் 20 சதவீதம், 30-39-இல் 53 சதவீதம், 40-ஐத் தொட்டவர்களில் 71 சதவீதம். இந்த எண்கள் எவ்வளவு செங்குத்தாக ஏறுகின்றன என்று பாருங்கள். எந்த ஸ்கேனும் போட்டி போட வேண்டியது இதனுடன்தான்.

சைல்ட்-பியூ ஸ்கோர் பிலிருபின், ஆல்புமின், ஐஎன்ஆர், வயிற்று நீர், மூளைக் குழப்பம் ஐந்தையும் பார்க்கும். 5-6 என்றால் ஏ (லேசானது), 7-9 பி, 10-15 சி (கடுமையானது). இதில் வயிற்று நீரும் மூளைக் குழப்பமும் பார்ப்பவரின் மதிப்பீட்டைப் பொறுத்தவை என்பதால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

ஹெபடைடிஸ் சந்தேகம் இருந்தால் மேட்ரி கணக்கு: நோயாளியின் புரோத்ராம்பின் நேரத்திலிருந்து (ரத்தம் உறைய ஆகும் நேரம்) கன்ட்ரோல் நேரத்தை, அதாவது ஆய்வகத்தின் இயல்பு நேரத்தை, கழித்து, 4.6-ஆல் பெருக்கி, பிலிருபினைக் கூட்ட வேண்டும். நோயாளியின் நேரம் 22 விநாடி, கன்ட்ரோல் 12, பிலிருபின் 12 என்றால் 46 கூட்டல் 12, ஆக 58. 32-க்கு மேல் போனாலே கடுமையானது, இது எங்கேயோ போய்விட்டது. ஸ்டீராய்டு தொடங்கியவர்களுக்கு 7-ஆம் நாள் லில் ஸ்கோர் போடுவார்கள். அது 0.45-க்கு மேல் இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். இந்த ஸ்கோரை உருவாக்கிய 2007 பிரெஞ்சு ஆய்வில், ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்களில் 25 சதவீதம், மற்றவர்களில் 85 சதவீதம்.

இப்படி ஏழு நாளில் விடை தெரிந்துவிடும் நிலையில் இருப்பவரை ஸ்கேனுக்காக ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கேன் உதவுவது நடுவில் இருப்பவர்களுக்கு. மெல்ட் 10, 12 என்று நிற்கும், வயிற்றில் கொஞ்சம் நீர், ஆல்புமின் குறைவு, ஆள் நடமாடுகிறார், ஆனால் அடுத்த ஒன்றிரண்டு ஆண்டு எப்படிப் போகும் என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அல்லது கிட்னி கோளாறோ வார்ஃபரின் மாத்திரையோ காரணமாக மெல்ட் எண்ணே குழம்பியிருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கல்லீரலை நேரடியாக அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: எந்த மருந்தை வைத்து எடுப்பது?

எல்லா நியூக்ளியர் ஸ்கேனும் ஒன்றல்ல. உள்ளே செலுத்தும் மருந்து எந்த செல்லுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து அளப்பதே மாறிவிடுகிறது.

டெக்னீசியம்-99எம் சல்ஃபர் கொலாய்டுதான் பழையதும் எளிதில் கிடைப்பதும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். நரம்பில் போட்டதும் கல்லீரல் ரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும். ஆரோக்கியமானவரில் 80 முதல் 90 சதவீதம் கல்லீரலுக்கும், 5 முதல் 10 சதவீதம் மண்ணீரலுக்கும், மிச்சம் எலும்பு மஜ்ஜைக்கும் போகும். நல்ல கல்லீரல் வழியாக ஒரு முறை போனாலே பெரும்பாலான துகள்கள் பிடிபட்டுவிடும். அதனால் கல்லீரலுக்குள் எவ்வளவு சேர்கிறது என்பதை முடிவு செய்வது முக்கியமாக அங்கே எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்பதுதான்.

சிரோசிஸில் வயல் அங்கேயே இருக்கும், வாய்க்கால்தான் உடைந்து வேறு பக்கம் ஓடிவிடும். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே வரும் ரத்தம் உணவுக்குழாய், மண்ணீரல் பக்கத்துக் கிளைக் குழாய்களில் திரும்பிவிடுகிறது. கல்லீரலுக்குள் நுழைவதிலும் ஒரு பகுதி, செல்களைத் தொடாமலே குறுக்கு வழியில் வெளியேறுகிறது. குப்ஃபர் செல்களையும் குடி நேரடியாகச் சோர்வடையச் செய்கிறது. விழுங்கப்படாத துகள்கள் மண்ணீரலுக்கும் மஜ்ஜைக்கும் போகின்றன. ரிப்போர்ட்டில் 'கொலாய்டு ஷிஃப்ட்' என்று எழுதுவது இதைத்தான். எவ்வளவு அதிகம் இடம் மாறியிருக்கிறதோ, நோய் அவ்வளவு முற்றியிருக்கிறது.

ஜப்பானில் வேறு வழி. அங்கே 1990-களிலிருந்து டெக்னீசியம்-99எம் ஜிஎஸ்ஏ என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். இது கல்லீரலின் முக்கியச் செல்களான ஹெபடோசைட்டுகளின் மேலுள்ள ஒரு ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். 15-ஆம் நிமிடத்தில் இதயப் பகுதியிலிருந்து வரும் கதிர்களின் எண்ணிக்கையை 3-ஆம் நிமிட எண்ணிக்கையால் வகுத்தால் ஹெச்ஹெச்15. 15-ஆம் நிமிடத்தில் கல்லீரல் எண்ணிக்கையை, கல்லீரலும் இதயமும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால் எல்ஹெச்எல்15. நல்ல கல்லீரலில் இரண்டாவது எண் 0.9-க்கு மேலேயே நிற்கும். நோய் முற்ற முற்ற ஹெச்ஹெச்15 ஏறும், எல்ஹெச்எல்15 இறங்கும். குப்ஃபர் செல்லைச் சுற்றி வளைக்காமல் ஹெபடோசைட்டையே அளப்பதால் இதுதான் இன்னும் நேர்மையான அளவு என்பது என் கருத்து. ஆனால் ஜப்பானுக்கு வெளியே கிடைப்பது அரிது.

மூன்றாவது மெப்ரோஃபெனின். பித்தப்பை ஸ்கேனுக்குப் போடும் அதே மருந்துதான். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், கல்லீரலை வெட்டி எடுக்கும் அறுவைக்கு முன் மிஞ்சப்போகும் பகுதி போதுமா என்று பார்க்க இதை நன்றாக வளர்த்தெடுத்தார்கள். நிமிடத்துக்கு, ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 2.69 சதவீத மருந்தைக் கல்லீரல் உறிஞ்ச வேண்டும் என்ற அளவு அங்கிருந்து வந்தது. அது அறுவைக்கான எல்லை. குடியால் வந்த சிரோசிஸில் ஆயுளைக் கணிக்க அதை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். பிலிருபின் அதிகமாக இருந்தால் இந்த மருந்து செல்லுக்குள் நுழையப் பிலிருபினோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்பதால் காமாலை நோயாளிக்கு எண் இன்னும் குறைவாகத் தெரியும்.

நான்காம் படி: எப்போது எடுப்பது?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடுமையான ஆல்கஹாலிக் ஹெபடைடிஸின் உச்சத்தில் கொலாய்டு ஸ்கேன் எடுத்தால், சிலருக்குக் கல்லீரலே தெரியாத அளவுக்கு மங்கிப்போய், மண்ணீரலும் முதுகெலும்பும் மட்டும் பளிச்சென்று தெரியும். பார்ப்பவர் பதறிவிடுவார். ஆனால் அந்த மங்கலின் ஒரு பகுதி தற்காலிகமானது: வீங்கிய செல்களால் உள்ளே ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறது, குப்ஃபர் செல்கள் சோர்ந்திருக்கின்றன. குடியை நிறுத்திச் சில வாரங்கள், மாதங்கள் போனால் கல்லீரல் மறுபடி தெரியத் தொடங்கலாம்.

எனவே நீண்டகாலக் கணிப்புக்காக எடுப்பதாக இருந்தால், குடியை நிறுத்திக் குறைந்தது சில வாரங்கள், முடிந்தால் மூன்று மாதம் கழித்து எடுப்பது நல்லது. அதற்கு முன் எடுத்தே ஆக வேண்டியிருந்தால், 'இது அழற்சி நேரத்துப் படம்' என்று ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். ஃபைப்ரோஸ்கேனுக்கும் இதே சிக்கல் உண்டு: அழற்சியின்போது எடுத்தால் இறுக்கத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

ஐந்தாம் படி: ஸ்கேன் அன்று என்ன நடக்கும்?

கொலாய்டு ஸ்கேனுக்குப் பெரிய தயாரிப்பு எதுவும் தேவையில்லை. அண்மையில் பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள், அது வயிற்றில் தங்கியிருந்தால் கதிரை மறைக்கும். சாப்பிட்டதும் போர்ட்டல் ரத்த ஓட்டம் ஏறும் என்பதால், எண்ணாகக் கணக்கிடப்போகிறார்கள் என்றால் சில மணி நேரம் வெறும் வயிற்றில் போவது நல்லது. ஆனால் சிரோசிஸ் நோயாளியை ராத்திரி முழுக்கவும் மறுநாள் மதியம் வரையும் பட்டினி போடாதீர்கள், அவர்களுக்குத் தசை கரைவதும் சர்க்கரை இறங்குவதும் சீக்கிரம் நடக்கும். காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். மெப்ரோஃபெனினுக்கு நான்கு மணி நேரம் போல வெறும் வயிறு வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் முன்பே சொல்ல வேண்டும்.

கையில் ஓர் ஊசி, சுமார் 4 முதல் 6 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அளவு). 10 முதல் 20 நிமிடம் கழித்துக் காமா கேமராவின் கீழே படுக்க வைத்து முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, சாய்வுப் படங்கள் எடுப்பார்கள். அப்புறம் கேமரா உடலைச் சுற்றி வரும் ஸ்பெக்ட் படம். இருபது முப்பது நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். வயிறு முழுக்க நீர் இருப்பவருக்கு மல்லாந்து படுப்பதே மூச்சுத் திணறும். நீரை எடுத்துவிடலாமா என்று முந்தின நாளே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சு பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்த ஸ்கேனில் உடலுக்குக் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவர்ட். மண், வானம், காற்று, உணவு எல்லாவற்றிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும், அடுத்த நாள் காலைக்குள் பெரும்பகுதி போய்விடும். இந்த நோயாளியின் உயிருக்கு இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

மருந்து தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனரேட்டரிலிருந்து (டெக்னீசியம் எடுக்கும் கருவி) எடுத்த டெக்னீசியத்தில் அலுமினியம் அதிகம் கலந்திருந்தால் கொலாய்டு கட்டிகட்டியாகச் சேர்ந்து நுரையீரலில் போய் மாட்டும். முற்றிய சிரோசிஸிலும் நுரையீரல் தெரியும். ஒரே மாதிரிப் படம், முற்றிலும் வேறு காரணம். அன்று அதே குப்பியிலிருந்து ஊசி போட்ட மற்ற நோயாளிகளுக்கும் நுரையீரல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த நோயாளியின் மேல் பழி போட வேண்டும்.

ஆறாம் படி: படத்தைப் படிப்பது

முதலில் பின்புறப் படம். ஆரோக்கியமானவர்களுக்கு மண்ணீரல் கல்லீரலைவிடப் பிரகாசமாக இருக்காது. இருந்தால் ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. அடுத்து முதுகெலும்பு: மணிமணியாகத் தெரிந்தால் ஷிஃப்ட் அதிகம். நுரையீரலும் தெரிந்தால் (அலுமினியத்தை ஒதுக்கிய பிறகு) நிலைமை மோசம்.

பிறகு வடிவம். குடியால் வந்த சிரோசிஸில் வலது மடல் சுருங்கி, இடது மடலும் காடேட் மடலும் (பின்புறமுள்ள சிறு மடல்) பெரிதாகும். வயிற்றில் நீர் இருந்தால் விலா ஓரத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளி விழும். காடேட் மட்டும் தனியாக ஒளிர்ந்து மற்றதெல்லாம் மங்கியிருந்தால் சட்டென்று குடியின் மேல் போட்டுவிடாமல், கல்லீரல் சிரைகள் அடைபட்டிருக்கிறதா என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது ஓர் ஓட்டை போல மருந்தே ஏறாத இடம் இருந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம், வெறும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். இந்த ஸ்கேனால் பிரித்துச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும்.

ஷிஃப்ட் என்றாலே கல்லீரல்தான் காரணம் என்றும் இல்லை. கடும் ரத்தசோகை, பெரிய நோய்த்தொற்று, மஜ்ஜையைத் தூண்டும் ஊசிகள், மண்ணீரலை வீங்க வைக்கும் வேறு நோய்கள் எல்லாம் துகள்களைத் தங்கள் பக்கம் இழுக்கும். மண்ணீரலை அறுவையில் எடுத்துவிட்டவருக்குக் கல்லீரல்-மண்ணீரல் விகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏழாம் படி: எண்ணாக மாற்றுவது

'மிதமான கொலாய்டு ஷிஃப்ட்' என்ற சொற்களை வைத்து யாருடைய ஆயுளையும் கணிக்க முடியாது. ரிப்போர்ட்டில் எண் கேளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய முறை இது. கல்லீரலின் வலது மடல் மேல் ஒரு வட்டம், மண்ணீரல் மேல் ஒரு வட்டம், முன்புறத்திலும் பின்புறத்திலும். பின்னணி எண்ணிக்கையைக் கழித்து, முன்னும் பின்னும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கல்லீரல் முன்புறம் ஒரு பிக்சலுக்கு 60, பின்புறம் 40 என்றால் பெருக்கினால் 2400, வர்க்கமூலம் 49. மண்ணீரல் முன்புறம் 30, பின்புறம் 120 என்றால் 3600, வர்க்கமூலம் 60. விகிதம் 0.8. மண்ணீரல் முதுகுப் பக்கம் இருப்பதால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், அதற்குத்தான் இந்த வர்க்கமூலம். எது இயல்பு என்பது கேமராவுக்கும் முறைக்கும் ஏற்ப மாறும், ஒவ்வொரு துறையும் கல்லீரல் நோய் இல்லாதவர்களின் படங்களை வைத்துத் தங்கள் எல்லையைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நல்ல முறை ஸ்பெக்ட். கல்லீரலின் பருமனையும் அதற்குள் சேர்ந்த மருந்தையும் சேர்த்தே அளக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜான் ஹோஃப்ஸ் இதை நீண்டகாலம் வளர்த்து, 'ரத்தம் பாயும் கல்லீரல் நிறை' என்று சொல்லக்கூடிய ஓர் எண்ணை உருவாக்கினார். சுருக்கமாகப் பிஹெச்எம். நல்ல கல்லீரலில் சுமார் 100, நோய் முற்ற முற்ற இறங்கும். அமெரிக்காவில் ஹால்ட்-சி என்ற பெரிய ஆய்வில் இந்த எண்ணையும் வேறு பல செயல்திறன் சோதனைகளையும் சேர்த்து நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2012-இல் வந்த முடிவின்படி, நீர் கோர்ப்பு, ரத்தக் கசிவு போன்ற சிக்கல்கள் யாருக்கு வரும் என்பதை இந்த எண் முன்கூட்டியே காட்டியது. ஆனால் அவர்கள் ஹெபடைடிஸ் சி நோயாளிகள். வைரஸ் நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகரும். குடியால் வரும் நோய் ஒரு மாதக் குடியில் குப்புற விழும், ஒரு வருடக் கட்டுப்பாட்டில் எழுந்தும் நிற்கும். அந்த எல்லைகளை அப்படியே இங்கே போட முடியாது. எந்தத் திசையில் போகிறது என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைப்பது

மெல்ட் குறைவு, ஆனால் ஸ்கேனில் கல்லீரல் மங்கி மஜ்ஜை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுதான் ஸ்கேன் தன் கூலியைச் சம்பாதிக்கும் இடம். ரத்தத்தில் இன்னும் தெரியவில்லை, ஆனால் ரத்த ஓட்டம் ஏற்கெனவே வழிமாறிவிட்டது, கையிருப்பு குறைவு. இவருக்கு என்டோஸ்கோப்பி எப்போது பார்த்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான அல்ட்ராசவுண்ட் நடக்கிறதா, பல் பிடுங்குவது முதல் ஹெர்னியா அறுவை வரை எதற்குப் போனாலும் மயக்க மருத்துவருக்கு இது தெரியுமா என்று பார்க்க வேண்டும். 'மெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது' என்று அவர் மறுபடி ஒரு பெக் ஊற்றிக்கொள்வதைத் தடுக்க இந்தப் படத்தை அவர் கண்முன் வைத்துப் பேசுங்கள்.

மெல்ட் அதிகம், ஸ்கேன் அவ்வளவு மோசமில்லை என்றால், மெல்ட்டை எது ஏற்றியது என்று தேடுங்கள். நீர் மாத்திரையால் கிரியேட்டினின் ஏறியதா, வைட்டமின் கே குறைபாட்டால் ஐஎன்ஆர் ஏறியதா, எங்காவது தொற்று இருக்கிறதா? இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. அதற்காக, ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று உயர்ந்த மெல்ட்டைத் தள்ளிவிடக் கூடாது. அடுத்த மூன்று மாதத்தைப் பொறுத்தவரை மெல்ட் பேச்சுக்குத்தான் முதல் மரியாதை.

இரண்டும் மோசம் என்றால் கல்லீரல் மாற்று மையத்துக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். 'ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வா' என்ற பழைய நிபந்தனையை 2011 பிரெஞ்சு ஆய்வு அசைத்துவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத கடும் ஆல்கஹாலிக் ஹெபடைடிஸில் கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் கல்லீரல் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாற்று கிடைக்காத ஒத்த நோயாளிகளில் 23 சதவீதம்தான். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கு டிரான்ஸ்டான் (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு மையமும் குடி பற்றித் தனக்கென விதி வைத்திருக்கும், போய்க் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று: இந்த எண்கள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. 20 சதவீதம் என்றால் அப்படிப்பட்ட 100 பேரில் 20 பேர் என்று பொருள். உங்கள் அப்பா அந்த 20-இல் இருக்கிறாரா 80-இல் இருக்கிறாரா என்று எந்தக் கேமராவும் சொல்லாது. குடும்பத்திடம் பேசும் மருத்துவர் 'மூன்று மாதம்தான்' என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது தவறு. நல்லபடி போனால் எப்படி, சுமாராகப் போனால் எப்படி, மோசமானால் எப்படி என்று மூன்றையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் படி: தேவைப்பட்டால் இன்னும் இரண்டு ஸ்கேன்கள்

உட்கார்ந்தாலோ நின்றாலோ மூச்சு வாங்கி, படுத்தால் குறைகிறதா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் குறைவா? நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரிந்துபோகும் ஹெபடோபல்மனரி சிக்கலாக இருக்கலாம். டெக்னீசியம்-99எம் எம்ஏஏ துகள்கள் பெரியவை, நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டக் கூடாது. ஊசி போட்டபின் மூளையில் 6 சதவீதத்துக்கு மேல் தெரிந்தால் தாண்டிவிட்டன என்று பொருள். ஆயுள் கணக்கை இது நேராக மாற்றிவிடும், மாற்றுப் பட்டியலில் கூடுதல் முன்னுரிமையும் கிடைக்க வழி உண்டு.

வலது நெஞ்சில் நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால், கொலாய்டை வயிற்று நீருக்குள் செலுத்திச் சில மணி நேரம் பார்ப்பார்கள். அது நெஞ்சுக்குள் ஏறினால் உதரவிதானத்தில் ஓட்டை வழியே வயிற்று நீர்தான் மேலே போகிறது என்று தெளிவாகிவிடும்.

ஆய்வு செய்ய நினைக்கும் முதுநிலை மாணவர்களுக்கு

குடி நோயாளிகளை மட்டுமே வைத்து, மெல்ட்டுக்கு மேல் இந்த ஸ்கேன் எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்று பார்க்கும் நல்ல ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும், நம் ஊர்களில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. செய்தால் ஒழுங்காகச் செய்யுங்கள். வருபவர் எல்லோரையும் வரிசையாகச் சேருங்கள், படுக்கக்கூட முடியாதவரை விட்டுவிட்டால் உங்கள் முடிவு உள்ளதைவிட அழகாகத் தெரியும். குடியை வாய்வார்த்தையில் மட்டும் நம்பாமல் பெத் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அது கடந்த சில வாரக் குடியைக் காட்டிக்கொடுக்கும். பின்தொடரும் காலத்தில் மறுபடி குடிக்கத் தொடங்கினாரா என்பதைத் தேதியோடு பதியுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் கணித்ததா குடி முடித்ததா என்று பிரிக்கவே முடியாது. கல்லீரல் மாற்று நடந்தவரை 'பிழைத்தவர்' கணக்கிலும் சேர்க்காதீர்கள், 'இறந்தவர்' கணக்கிலும் சேர்க்காதீர்கள், போட்டி நிகழ்வாகத் தனியே வையுங்கள். ஒரு கூட்டத்தில் கண்டுபிடித்த எல்லை எண்ணை அதே கூட்டத்தில் சோதித்துவிட்டு வெற்றி என்று எழுதாதீர்கள்.

கடைசிப் படி: திரும்ப எடுப்பது

ஒரு ஸ்கேனைவிட இரண்டு ஸ்கேன்களுக்கு இடையிலான மாற்றம் அதிகம் பேசும். ஹால்ட்-சி நோயாளிகளில் வைரஸ் முழுவதும் ஒழிந்தவர்களுக்கு இந்தச் செயல்திறன் எண்கள் மேலேறியதை 2009-இல் காட்டினார்கள். காரணத்தை அகற்றினால் கல்லீரல் ஓரளவு மீளும் என்பதற்கு அது சாட்சி. குடியை விட்டவர்களில் ஒரு பகுதியினர் நீர் மாத்திரைகூடத் தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதையும் பார்க்கிறோம். காரணம் அகன்று, மருந்தில்லாமல் குறைந்தது 12 மாதம் நீர், ரத்தக் கசிவு, குழப்பம் எதுவும் இல்லாமல், பிலிருபினும் ஆல்புமினும் ஐஎன்ஆரும் நிலையாகத் தேறியிருந்தால் அதைத் 'திரும்பத் தேறிய நிலை' என்று பவேனோ 7 என்ற கல்லீரல் நிபுணர் கூட்டத்தின் வரையறை ஏற்கிறது.

அதனால் முதல் ஸ்கேனுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி எடுப்பதாக இருந்தால் அதே மையம், அதே கேமரா, அதே மருந்து, அதே அளவு, அதே வெறும் வயிறு. முதல் தடவையே படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வையுங்கள், அச்சிட்ட ஃபிலிமிலிருந்து யாராலும் எண் எடுக்க முடியாது. குறுந்தகட்டின் உறை மேல் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: ஸ்கேன் எடுத்த தேதி, கடைசியாகக் குடித்த தேதி.